முதல் மாடல் கார்: ஐயாயிரம் ரூபாயில் ஒன்று வாங்கவா, நான்கு வாங்கவா?

டைகாஸ்ட் கார், அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் மாடல் கார், சேகரிக்கத் தொடங்க நினைப்பவர்கள் கேட்பதெல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. அதில் கதவு திறக்கும் பெரிய 1:18 கார் ஒன்று வாங்கலாம். உள்ளங்கையில் அடங்கும் தரமான 1:64 கார் மூன்று, நான்கு வாங்கலாம். சாதாரண ஹாட் வீல்ஸ் என்றால் இருபத்தைந்துகூட வரும். எதை வாங்குவது?

கடைக்காரர் கையில் இருப்பதைச் சொல்வார், இணையத்தில் ஒவ்வொருவரும் தன் அலமாரியில் இருப்பதைச் சொல்வார்கள். அதனால் பிராண்டுகளுக்குள் போகும் முன் எதை வைத்து எடைபோடுவது என்று பேசிவிடலாம்.

## எடைபோட என்னென்ன

எந்தக் கார். இதுதான் முதல். பிராண்டும் ஸ்கேலும் அப்புறம். ரோட்டில் பார்த்துத் திரும்பி நின்ற கார் எது, அப்பா ஓட்டிய கார் எது, பள்ளி நாட்களில் நோட்டு அட்டையில் ஒட்டிய கார் எது என்று யோசித்து, அந்த ஒன்றை முடிவு செய்துகொண்டு தேடத் தொடங்குங்கள். தேடும்போதே பாதி முடிவு வந்துவிடும். மாடல் செய்யும் நிறுவனம் அசல் கார் நிறுவனத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதால் எல்லாரிடமும் எல்லாக் காரும் இருப்பதில்லை. ஃபெராரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 வரை அந்த லைசென்ஸ் ஹாட் வீல்ஸின் மாட்டல் நிறுவனத்திடம் இருந்தது. பிறகு அது புராகோ என்ற இன்னொரு மாடல் கார் பிராண்டின் பக்கம் போய்விட்டது. அதற்கப்புறம் சுமார் பத்தாண்டுகள் ஹாட் வீல்ஸில் ஃபெராரி வரவே இல்லை. ஃபெராரிதான் வேண்டும் என்று அந்தக் காலத்தில் கடைக்குப் போனவருக்கு ஹாட் வீல்ஸா புராகோவா என்ற குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது.

அளவு. 1:64 என்றால் அசலில் 64-ல் ஒரு பங்கு. அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். அது 1:64-ல் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும், 1:43-ல் 10 செ.மீ. ஆகவும், 1:24-ல் 18 செ.மீ. ஆகவும், 1:18-ல் 24 செ.மீ. ஆகவும் இருக்கும். நீளத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அகலமும் உயரமும் சேர்ந்து வளர்வதால் ஒரு 1:18 கார் 1:64 காரைப் போல 40 மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். மூன்றடி அலமாரித் தட்டில் 1:18 கார்களை நீளவாக்கில் நிறுத்தினால் மூன்றுதான் நிற்கும்.

அசலோடு ஒத்துப்போவது. மலிவான சின்னக் கார்களில் பல உண்மையான 1:64 அல்ல. எல்லாமே ஒரே அளவு அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதால் சின்னக் காரைக் கொஞ்சம் பெரிதாக்கி, லாரியைக் கொஞ்சம் சுருக்கிவிடுவார்கள். சேகரிப்பவர்கள் இதை பாக்ஸ் ஸ்கேல் என்பார்கள். மாருதி 800 அளவுள்ள ஒரு கார் உண்மையான 1:64-ல் 5.2 செ.மீ.தான் வர வேண்டும். அட்டையில் அது பெரிய செடானுக்குச் சமமாக உட்கார்ந்திருந்தால் அது ஸ்கேலில் இல்லை. ஜப்பானின் டோமிகாவை இதற்காகவே மதிக்கிறேன். 1:57, 1:61 என்று அந்தந்தக் காரின் ஸ்கேலை அடித்தட்டிலேயே பொறித்துவிடுவார்கள்.

முழுச் செலவு. காரின் விலையோடு கணக்கு முடியாது. அக்ரிலிக் கேஸ், கண்ணாடி அலமாரி, கூரியர், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கம் எல்லாம் உண்டு. நீங்கள் சேகரிப்புப் பொருள் என்று நினைத்தாலும் சுங்க வகைப்பாட்டில் ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். தரச்சான்றும் கட்டாயமானது. ஹாங்காங் கடையில் பார்த்த விலையும் இங்கே கேட்கும் விலையும் ஏன் இவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதற்கு இவை பெரிய காரணங்கள்.

நம் ஊர் வெயிலும் ஈரமும். ஐரோப்பியர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இதற்கு ஓரிரு வரிதான் இருக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதுதான் பெரிய விஷயம். ஈரம் பெயின்டை உப்ப வைக்கும், வெயில் சிவப்பை வெளுக்க வைக்கும், ஏறி இறங்கும் வெப்பம் ரெசின் என்ற வார்ப்புப் பிசினால் செய்த கார்களை வளைக்கும். இதோடு நம் வீடுகளில் சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் தாளிப்பு எண்ணெயும் உண்டு. அவை மெல்லிய பிசுக்காகப் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக்கொள்ளும். வெறும் தூசியைப் பிரஷால் தட்டிவிடலாம். பிசுக்கோடு ஒட்டியதைத் துடைக்கப் போனால் பெயின்டில் கீறல் விழும். எந்த ஸ்கேலாக இருந்தாலும் மூடிய கேஸ் இங்கே அவசியம்.

விற்கும்போது என்ன விலை கிடைக்கும் என்பதை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒரு லட்சம் டாலருக்கு மேல் மதிப்பிடப்படும் ஹாட் வீல்ஸ் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது 1969-ல் செய்த இளஞ்சிவப்பு ஃபோக்ஸ்வாகன் பீச் பாம்ப் வேன். பின்பக்கக் கண்ணாடி வழியாக சர்ஃப் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும் முன்மாதிரி அது. மேல்பாரம் அதிகமாகி, ஹாட் வீல்ஸின் பொம்மை ஓடுபாதையில் சரியாக ஓடவில்லை என்பதால் அந்த வடிவத்தையே கைவிட்டு, அகலமான வேறொன்றைத்தான் விற்பனைக்கு அனுப்பினார்கள். கடையில் தொங்கிய கார் அல்ல அது. முதல் காரை முதலீடு என்று நினைத்து வாங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

மெயின்லைன் என்பது பிராண்டுகளின் சாதாரண, மலிவு வரிசை. விலைகள் தோராயமானவை. ஊருக்கும் கடைக்கும் ஏற்ப மாறும்.

| | மெயின்லைன் 1:64 | ப்ரீமியம் 1:64 | 1:43 | பட்ஜெட் 1:24 / 1:18 | உயர்ரக 1:18 |
|---|---|---|---|---|---|
| பிராண்டுகள் | ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ், மஜோரெட் | மினி ஜிடி, டார்மாக் வொர்க்ஸ், இன்னோ64 | மினிசாம்ப்ஸ், ஸ்பார்க், இக்ஸோ | புராகோ, மைஸ்டோ, வெல்லி | ஆட்டோஆர்ட், ஜிடி ஸ்பிரிட் |
| விலை | ₹200 அளவில் | ₹1,000–2,000 | ₹1,000 முதல் ₹10,000 வரை | ₹1,500–6,000 | ₹15,000-க்கு மேல் |
| கதவு திறக்குமா | அரிதாக | பெரும்பாலும் இல்லை | இல்லை | ஆம் | ஆட்டோஆர்ட் ஆம். ரெசின் கார்கள் திறக்காது |
| மறைந்த செலவு | எண்ணிக்கை | ப்ரீ-ஆர்டர், தவறவிட்டால் கூடுதல் விலை | கூரியர், சுங்கம் | கேஸ், இடம் | எல்லாமே |
| குழந்தை கையில் | தாராளமாக | கூடாது | கூடாது | பெரிய பிள்ளை என்றால் | கூடவே கூடாது |

## இருநூறு ரூபாய் கார்கள்

மேட்ச்பாக்ஸ் லண்டனில் லெஸ்னி நிறுவனம் 1953-ல் தொடங்கிய பெயர். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் பள்ளிக்குக் கொண்டு வரலாம் என்று ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி இருந்ததாம். அவளுக்காக அவர் செய்த குட்டி ரோடு ரோலரில் ஆரம்பித்த கதை அது. ஹாட் வீல்ஸ் 1968-ல் அமெரிக்காவில் பதினாறு கார்களோடு வந்தது. வழுக்கிக்கொண்டு ஓடும் சக்கரம்தான் அதன் சிறப்பு. 1997 முதல் இரண்டுமே மாட்டலின் கையில் இருக்கின்றன.

இந்தக் கார்களை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லாரி வுட், ரியூ அசாடா போன்ற வடிவமைப்பாளர்கள் கொடுத்த காஸ்டிங்குகளில், அதாவது அச்சில் வார்க்கும் கார் வடிவங்களில், ஒரு காரின் குணம் நாலே கோட்டில் வந்துவிடும். அசாடா செய்த ஹோண்டா சிட்டி டர்போ 2 காரைக் கையில் எடுத்தாலே புரியும். ஆனால் விலைக்கேற்ற விட்டுக்கொடுத்தல்கள் உண்டு. உடல் உலோகம், அடித்தட்டு பெரும்பாலும் பிளாஸ்டிக், சக்கரம் கெட்டி பிளாஸ்டிக். டாம்போ அச்சு (உடல்மேல் அச்சடிக்கும் விளக்கு, கோடு, எழுத்து) எல்லாப் பக்கமும் இருக்காது. பக்கவாட்டில் கோடு போட்டிருந்தால் முன்விளக்கு வெறும் பெயின்டாக நிற்கும். பிரான்சில் பிறந்த மஜோரெட் இதே விலைக்குச் சற்று மேலே ஸ்பிரிங் வைத்த சக்கரமும், சில கார்களில் திறக்கும் கதவும், ஒளிபுகும் முன்விளக்கும் தருகிறது. அட்டையை வாங்காமல் காரை வாங்குபவர் மஜோரெட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்பேன்.

மறைந்த செலவு எண்ணிக்கைதான். இருநூறு ரூபாய்தானே என்று ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் இரண்டு எடுத்தால், வருடக் கடைசியில் ஒரு நல்ல 1:18 காரின் விலை போயிருக்கும். அதில் பாதிக் கார்களை நீங்கள் விரும்பி எடுத்திருக்க மாட்டீர்கள். அப்புறம் ட்ரெஷர் ஹன்ட், அதாவது சாதாரணக் கார்களுக்குள் அரிதாகக் கலந்து வரும் ஹாட் வீல்ஸ். 1995-ல் தொடங்கிய இந்தத் தொடரில் 2007 முதல் ரப்பர் டயரும் பளபளக்கும் ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயின்டும் கொண்ட சூப்பர் ரகம் தனியாக வருகிறது. அது கிடைத்தால் மகிழ்ச்சி. அதைத் தேடியே கடை கடையாக அலைவது வேறு பொழுதுபோக்கு, கார் சேகரிப்பு அல்ல. கடை திறந்ததும் நல்ல கார்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் மூன்று மடங்குக்கு விற்கும் ஸ்கேல்பர்களிடம் மெயின்லைன் கார் வாங்கவே வாங்காதீர்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் தருவதற்கும் அதில் காரணம் கிடையாது. அதே பணத்துக்கு அடுத்த ரகமே கிடைக்கும்.

எப்போது இது சரி: வீட்டில் குழந்தை இருந்து, இருவரும் சேர்ந்து விளையாடப் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல தேர்வு கிடையாது. எந்த வகைக் கார் பிடிக்கும் என்றே இன்னும் தெரியாதவருக்கும் இது நல்ல தொடக்கம். ஐந்து வாங்கி மேசையில் வைத்து, எதைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

## ப்ரீமியம் 1:64

கடந்த பத்தாண்டுகளில் மாடல் கார் உலகில் மிக வேகமாக வளர்ந்த பகுதி இது. ஹாங்காங்கின் டார்மாக் வொர்க்ஸ், 2018-ல் வந்த மினி ஜிடி, இன்னோ64 எல்லாம் சேர்ந்து, முன்பு 1:43-ல் மட்டுமே பார்த்த நுணுக்கத்தை 7 செ.மீ.க்குள் கொண்டுவந்துவிட்டன. ரப்பர் டயர், தனியாகப் பொருத்திய பக்கக் கண்ணாடிகள், சக்கரத்துக்குள் தெரியும் பிரேக் டிஸ்க், ஒளிபுகும் விளக்குகள், அசல் காரில் வந்த அதே சக்கர வடிவம். ஸ்கேலும் உண்மையான 1:64. ஒரு போர்ஷேயையும் ஒரு லேண்ட் ரோவர் டிஃபென்டரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ரோட்டில் பார்க்கும் உயர வித்தியாசம் அப்படியே தெரியும். இது சின்ன விஷயம் இல்லை. அலமாரியில் நாலு கார் சேர்ந்ததும் மொத்த அழகும் இதில்தான் இருக்கிறது.

மினி ஜிடி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டீயரிங் இடதுபுறமா வலதுபுறமா என்பதைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். நம் ரோட்டில் பார்க்கும் கார் போலவே வேண்டும் என்றால் வலதுபுற ஸ்டீயரிங் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 போல வலதுபுற ஸ்டீயரிங்கோடு மட்டுமே உற்பத்தியான ஜப்பானியக் கார்களுக்கு அதுதான் சரியானதும்கூட.

மெயின்லைனுக்கும் இதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. ஹாட் வீல்ஸின் சொந்த ப்ரீமியம் வரிசையான கார் கல்ச்சர் போன்றவை. உடலும் அடித்தட்டும் உலோகம், ரியல் ரைடர்ஸ் ரப்பர் டயர். கையில் எடுத்தால் கனம் தெரியும். நுணுக்கத்தில் மினி ஜிடி முன்னால் நிற்கும், உறுதியில் ஹாட் வீல்ஸ். பத்து வயதுப் பிள்ளை எடுத்துப் பார்க்கும் வீடு என்றால் நான் இரண்டாவதைச் சொல்வேன்.

குறைகள் என்றால் முதலில் அந்தப் பக்கக் கண்ணாடிகள். தூசி துடைக்கும் துணி மாட்டினாலே உடைந்து வரும். கதவு பெரும்பாலும் திறக்காது. அடுத்து, விற்பனை முறை. நல்ல கார்கள் ப்ரீ-ஆர்டரிலேயே தீர்ந்துவிடுகின்றன. முன்பணம் கட்டிவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பணம் அதுவரை கடைக்காரரிடம் இருக்கும் என்பதால் பழைய, நம்பகமான கடையா என்று பார்த்தே கட்ட வேண்டும். முதல் கார் வாங்குபவருக்கு ப்ரீ-ஆர்டரே வேண்டாம் என்பது என் கருத்து. கையிருப்பில் உள்ளவற்றிலேயே பிடித்தது கிடைக்கும். பிடித்த கார் தீர்ந்துபோயிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அதே காஸ்டிங் வேறு நிறத்தில் மறுபடி வரும். ஒரு காஸ்டிங்குக்கான அச்சு செய்யச் செலவு அதிகம் என்பதால் ஒரே ஒரு நிறத்தோடு எந்த நிறுவனமும் அதை மூட்டைகட்டி வைக்காது.

எப்போது இது சரி: வாடகை வீட்டில், அலுவலக மேசையில், அடிக்கடி ஊர் மாறும் வேலையில் இருப்பவருக்கு. ஒரே காரோடு நிற்கப் போவதில்லை, ஒரு வரிசையாகச் சேர்க்கப் போகிறேன் என்று இப்போதே தெரிந்தவருக்கு.

## 1:43

மாடல் கார்களில் இது மிகப் பழைய குடும்பம். லிவர்பூலில் ஹார்ன்பி ரயில்களுக்குத் துணையாகச் செய்த குட்டி வண்டிகள்தான் 1934-ல் டிங்கி டாய்ஸ் என்று பெயர் பெற்றன. ஓ கேஜ் பொம்மை ரயிலின் அளவிலிருந்து பிறந்த ஸ்கேல் இது. ஐரோப்பாவில் இன்றைக்கும் தீவிர சேகரிப்பாளர்கள் பலர் இதில்தான் இருக்கிறார்கள்.

பந்தயக் கார் பிரியர்கள் இதைத் தவிர்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. ஃபார்முலா ஒன், லெ மான் கார்களை ஆண்டுவாரியாக, ஓட்டுநர்வாரியாகச் செய்வது இந்த ஸ்கேலில்தான் அதிகம். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய மஞ்சள் ஜோர்டான் இஜே15 மினிசாம்ப்ஸ் 1:43-ல் வந்திருக்கிறது. ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரின் கார் அது. அந்த ஆண்டு இண்டியானாபொலிஸில் அவர் நான்காவதாக வந்தார். அதை மேசையில் வைத்துக்கொள்ள ஆசைப்படும் ஒருவரிடம் 1:64-ல் நுணுக்கம் அதிகம், 1:18-ல் கதவு திறக்கும் என்றெல்லாம் பேசுவதில் பொருளில்லை.

சிக்கல், இங்கே கடையில் கிடைப்பது குறைவு. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தோ, வேறொரு சேகரிப்பாளரிடமிருந்தோதான் வாங்க வேண்டும். அப்போது கூரியரும் சுங்கமும் காரின் விலையையே தொட்டுவிடலாம். டியாகோஸ்டினி போன்ற நிறுவனங்கள் பத்திரிகையோடு இணைத்து விற்ற 1:43 கார்கள் மலிவாகக் கிடைக்கும். வடிவம் நன்றாகவும் பெயின்டும் உள்பக்கமும் சுமாராகவும் இருக்கும். இந்த ஸ்கேலில் ஒரு நல்ல பழக்கம், கார் பெரும்பாலும் ஒரு பீடத்தில் திருகி, பிளாஸ்டிக் மூடியோடே வரும். கேஸுக்குத் தனிச் செலவு இல்லை.

## பட்ஜெட் 1:24, 1:18

கதவைத் திறந்து, பானட்டைத் தூக்கி, எஞ்சினைப் பார்த்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்ப வேண்டும் என்ற ஆசை இருந்தால் 1:64-ல் எவ்வளவு செலவு செய்தாலும் அது அடங்காது. அந்த ஆசைக்குரிய இடம் இது. புராகோ எழுபதுகளில் இத்தாலியில் பிறந்து, 2005-ல் நொடித்து, ஹாங்காங்கின் மே சியோங் குழுமத்துக்குப் போனது. மைஸ்டோவும் அவர்களுடையதுதான். அதனால் இரண்டில் எது தரம் என்ற சண்டையில் அதிகம் நேரம் செலவிட வேண்டாம். பிராண்டைவிட அந்தக் குறிப்பிட்ட காஸ்டிங் எப்படி வந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரே பெயரில் அருமையான காரும் உண்டு, முகமே மாறிப்போன காரும் உண்டு.

1:18-ல் எங்கே மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று தெரிந்துகொண்டால் கடையில் பார்க்க எளிது. கதவுக்கும் உடலுக்கும் நடுவில் இடைவெளி சீராக இருக்காது. கதவுக் கீல் கொக்கிபோல வளைந்து தடிமனாகத் தெரியும். உள்பக்கம் முழுக்க ஒரே கறுப்புப் பிளாஸ்டிக், தரைவிரிப்பு கிடையாது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் இது எதுவும் தெரியாது. முன்விளக்கும் கிரில்லும் சரியாக அமைந்துவிட்டால் மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம், ஏனென்றால் கார் நம்மைப் பார்ப்பது அந்த முகத்தால்தான்.

இடமும் கேஸும்தான் இதன் உண்மையான விலை. நல்ல 1:18 அக்ரிலிக் கேஸ் காரின் விலையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். கேஸ் இல்லாமல் வைத்தால் கதவு இடுக்குகளிலும் வைப்பர் அடியிலும் தூசி போய் உட்கார்ந்துவிடும். கனமும் உண்டு. மெல்லிய கண்ணாடித் தட்டில் இரண்டு, மூன்று வைக்கும் முன் தட்டு தாங்குமா என்று பாருங்கள். ஐயாயிரம்தான் மொத்தத் தொகை என்றால் காருக்கு மூவாயிரத்து ஐநூறுக்கு மேல் போகாமல், மீதியைக் கேஸுக்கு வைத்துவிடுவது நல்லது.

இடம் இடிக்கிறது, ஆனால் கதவு திறக்க வேண்டும் என்பவருக்கு 1:24 நடுவழி. விலை ஏறத்தாழ பாதி. 18 செ.மீ. என்பதால் சாதாரணப் புத்தக அலமாரியிலேயே நிற்கும். இந்த ஸ்கேலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. முதல் காருக்கு இது கவனிக்காமல் விடக்கூடாத ஒன்று என்று உறுதியாக நினைக்கிறேன்.

## உயர்ரக 1:18

முதல் காராக இதைப் பரிந்துரைக்க மாட்டேன், எனவே சுருக்கமாக. ஆட்டோஆர்ட் இப்போது உலோக உடலை விட்டு காம்போசிட் (பிளாஸ்டிக் கலவை) உடலுக்கு மாறிவிட்டது. கதவு இடைவெளிகள் மிக மெல்லியதாக வருகின்றன. உலோகத்தின் மேல் பெயின்ட் உப்பும் தொல்லையும் இல்லை, நம் கடலோர ஊர்களுக்கு அது பெரிய நன்மை. ரெசின் கார்கள் சிலிகான் அச்சில் வார்க்கப்படுபவை. அந்த அச்சு சில வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும் என்பதால் குறைந்த எண்ணிக்கையில்தான் வரும். வடிவம் துல்லியமாக இருக்கும், எதுவும் திறக்காது, தவறி விழுந்தால் உடையும். வாழ்க்கையில் ஒரே ஒரு மாடல் கார்தான், அது எது என்றும் எனக்குத் தெரியும் என்பவர் மட்டும் பணம் சேர்த்து நேராக இங்கே வரலாம்.

## நம் ஊர் கார் வேண்டும் என்றால்

இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. அம்பாசிடரையும் பத்மினியையும் உலக நிறுவனங்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சென்டி டாய்ஸின் பிளாஸ்டிக் அம்பாசிடரும் ஆட்டோ ரிக்‌ஷாவும் பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் பொம்மைகள்தான். ஆனாலும் அந்த வட்ட முகப்பு அழகாக வந்திருக்கிறது. விலையும் குறைவு. இன்னொரு வழி, காரை அதன் மூதாதையின் பெயரில் தேடுவது. பத்மினி என்பது ஃபியட் 1100. ஜிப்ஸி என்பது சுஸுகி ஜிம்னியின் எண்பதுகள் வடிவம். அம்பாசிடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை. இந்தப் பெயர்களில் 1:43-லும் ஜப்பானிய 1:64 பிராண்டுகளிலும் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

பழைய கார்கள் பக்கமும் ஒரு ஈர்ப்பு உண்டு. டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்களாயின. லியோ என்ற பெயரில் இந்தியாவிலேயே ஹாட் வீல்ஸ் வந்த காலமும் இருந்தது. வீட்டுப் பரணில் கிடைத்தால் பொக்கிஷம், துடைத்துக்கூட வைக்காமல் அப்படியே பாதுகாத்து வையுங்கள். பணம் கொடுத்து வாங்குவதானால், மறுபெயின்ட் அடித்ததையும் போலிப் பெட்டியையும் கண்டுபிடிக்கக் கண் பழகிய பிறகு வாங்கலாம். மிகப் பழைய வார்ப்புகளில் துத்தநாக அரிப்பும் உண்டு. கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். அதற்கு மருந்து கிடையாது.

## ஐயாயிரத்துக்கு என் கணக்கு

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது: ப்ரீமியம் 1:64-ல் இரண்டு கார், மூடிய சின்ன கேஸ் ஒன்று, மீதி ஆயிரத்துச் சொச்சம் கையில். நான்கு கார் வாங்கலாமே என்றால், வாங்க முடியும்தான். ஆனால் முதல் இரண்டை ஒரு மாதம் பார்த்துப் பழகிய பின் மூன்றாவதாக நீங்கள் தேர்ந்தெடுக்கும் கார், முதல் நாளே எடுத்திருக்கக்கூடியதைவிட நல்லதாக இருக்கும். கண் அதற்குள் பழகிவிடும்.

கதவு திறக்காத காரில் மனம் ஒட்டாது என்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு 1:24 அல்லது 1:18 புராகோவோடு தொடங்கட்டும். குழந்தையோடு சேர்ந்து தொடங்குபவர்கள் மஜோரெட்டோடு. கார்த்திகேயனின் ஜோர்டான் மாதிரி ஒரே ஒரு காரை மனதில் வைத்திருப்பவர்கள், அது எந்த ஸ்கேலில் வந்திருக்கிறதோ அந்த ஸ்கேலோடு.

வாங்கும்போது கடையில் காரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து பெயின்டில் கொப்புளமோ தூசிப் புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொடுகின்றனவா, டாம்போ எழுத்து நேராக இருக்கிறதா, இரண்டு பக்கக் கண்ணாடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பெயின்டை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்களை எடுத்துவிடுங்கள். ஈரம் அதற்கடியில்தான் தங்கும். கேஸுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மேற்கு ஜன்னல் வெயில் படாத சுவரில் வையுங்கள். கூரியரில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். உடைந்து வந்த காருக்கு மாற்று கேட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.